கூறை நிறத்தில் இரண்டு பொத்தான்

டோர்செட் பார்க், ஸ்காபரோ
3 நவம்பர் 2023

பிள்ளை துவாரகாவுக்கு,

சொல்வது நான். எழுதுவது எங்கள் கட்டடத்து நாலாம் மாடி றெஜினா. மேலே என்ன போடுவது என்று கேட்டா. "மருமகளுக்கு எண்டு போடவே, அண்ணை?" என்றா. மகன் றிச்சர்ட் செத்து, நீயும் வேறு கலியாணம் கட்டிப் போன பிறகு அந்தச் சொல் எனக்கு மிச்சம் இருக்கிறதா என்று தெரியவில்லை. பிள்ளை என்று போடச் சொன்னேன்.

நேற்று மரித்தோர் திருநாள். கென்னடி பஸ் எடுத்து, பிறகு ஒன்று மாறி, றிச்சர்ட்டின் கல்லறைக்குப் போனேன். மெழுகுதிரி காற்றுக்கு நூர்ந்து நூர்ந்து போயிற்று. முந்தி நீ கூட வருவாய். சைவப் பிள்ளை, செபம் தெரியாது, ஆனால் காற்றுக்கு இரண்டு கையையும் பொத்திப் பிடிக்கத் தெரியும். இந்த முறை என் தொப்பியைக் கழற்றி மறைப்பு வைத்தேன். தொப்பியின் ஓரம் கருகிப் போயிற்று.

எனக்கு முன்னமே அங்கே பூ இருந்தது. மஞ்சள் செவ்வந்தி. நான் கொண்டு போனது வெள்ளை. கல்லறைக்கு மஞ்சள் வாங்குகிற ஆள் எனக்குத் தெரிய ஒரு ஆள்தான். நீயா அனுப்பினாய்? அதைக் கேட்கத்தான் இந்தக் கடிதம்.

அதுமட்டும் என்றால் வேலையால் வந்த களையோடு தன்னை ஏன் மேலே கூப்பிட்டேன் என்று றெஜினா கேட்கிறா. சரி, மிச்சத்தையும் சொல்கிறேன். கலியாணத்துக்கு வருவீர்களா என்று கேட்டாய். நான் மறுமொழி தந்தேன். ஓம் என்றால் பிளேன் ரிக்கற் அனுப்புவேன் என்று சொன்னது நீ. ரிக்கற் வரவில்லை. அதற்குப் பிறகு பின்னேரங்களில் போனில் உன்னோடு எவ்வளவோ பேசி அனுப்பினேன். ஒன்றுக்கும் நீ வாய் திறக்கவில்லை. மணி அடித்துக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம்தான். ஆனால் புதுசாகக் கட்டிப் போன வீட்டுக்கு முந்தின புருசனின் தகப்பன் மணி அடிப்பது முறை இல்லை. அந்தத் தம்பி எடுத்து "ஆர் பேசுறது?" என்று கேட்டால் நான் என்னவென்று சொல்வது?

அதனால் கடதாசி. நீ முந்தி அனுப்பிய பெட்டியில் உன் விலாசம் இருந்தது. பெட்டியை நான் எறியவில்லை.

செல்வரட்ணம்

*

பேர்ணபி, வன்கூவர்
19 நவம்பர் 2023

மாமாவுக்கு,

இந்தச் சொல்லை நான் மாற்றவில்லை. மாற்றச் சொன்னால் மாற்றுகிறேன்.

பூ நான் அனுப்பியதுதான். அங்கே ஒரு பூக்கடைக்குச் சொல்லி வைப்பித்தேன். வெள்ளைப் பூவைக் கண்டால் ஆஸ்பத்திரி மாதிரி இருக்கிறது என்பார் றிச்சர்ட். அதனால் மஞ்சள்.

உங்கள் கடிதத்தை வேலைக்குப் போகும் ரெயினில் வாசித்தேன். இறங்க வேண்டிய இடத்தில் இறங்கவில்லை. மறுமொழி தந்தேன் என்று எழுதியிருக்கிறீர்கள். ஓம், தந்தீர்கள். அது இன்னும் என்னிடம் இருக்கிறது. போனுக்கு அனுப்பிய கலியாண அழைப்புக்குக் கீழே இரண்டு பொத்தான்கள் வைத்திருந்தேன். நீங்கள் அழுத்தியது வர மாட்டேன் என்பதை. ஒரு மத்தியானம் வந்தது. நான் ஒரு கூட்டத்தில் இருந்தேன். எழுந்து போய்ப் படிக்கட்டில் இருந்துவிட்டு, முகம் கழுவிக்கொண்டு திரும்பி வந்தேன்.

கோபித்து எழுதவில்லை, மாமா. போன டிசம்பரில் நத்தாருக்கு நான் அங்கே வந்து, ஜெனோசனைக் கட்டப் போகிறேன் என்று குசினி மேசையில் வைத்துச் சொன்னபோது நீங்கள் றிச்சர்ட்டை நினைத்து ஒரு வசனம்தான் சொன்னீர்கள். "அவன்ர சேட்டு இன்னும் அலுமாரிக்க கிடக்கு." எழுந்து போய் ரீவியைப் போட்டீர்கள். பிறகு இந்த மறுமொழி. இரண்டையும் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். உங்களுக்கு அந்த உரிமை இருக்கிறது என்று முடிவு செய்தேன். ஜெனோசன் ஒருக்கால் கூப்பிட்டுக் கேள் என்றார். நான்தான் வேண்டாம் என்றேன். வர மாட்டேன் என்ற ஆளிடம் மன்றாடக் கூடாது.

ஆனால் பின்னேரங்களில் பேசி அனுப்பினேன் என்று எழுத வேண்டாம். உங்கள் குரல் ஒரு நாளும் எனக்கு வரவில்லை. வரும் வரும் என்று பார்த்த ஆள் நான்.

குளிருக்குக் கையுறை போடுங்கள். இடக்கைக் கையுறையை எங்கேயாவது விட்டிருப்பீர்கள்.

துவாரகா

*

டோர்செட் பார்க்
3 டிசம்பர் 2023

பிள்ளை,

நான் பொய் சொல்கிறேன் என்று எழுதியிருக்கிறாய். அந்த இடத்தை றெஜினா மெதுவாக வாசித்தா. நான் திரும்பவும் வாசிக்கச் சொன்னேன்.

எனக்கு எழுத்துத் தெரியாது. நான் ஒன்றையும் எழுதி வைக்கிறவன் இல்லை, அதனால் மறக்கிற வசதியும் எனக்கு இல்லை. நடந்ததை நடந்தபடி சொல்கிறேன், கேள்.

றிச்சர்ட் செத்துப் போன அந்த மாரிக் குளிரில் வீட்டுக்குள்ளேயே நீ வேலை செய்தாய். குசினி மேசையில் உன் கொம்பியூட்டர். எதிரில் நான். ஒரு நாள் போனை எனக்கு முன்னால் வைத்து, "மாமா, யோசிக்காதேங்கோ. கை போற இடத்தில அமத்துங்கோ" என்றாய். அமத்தினேன். நீ எதையோ குறித்தாய். இன்னொன்று வைத்தாய். அதற்குப் பிறகு அதுவே எங்கள் இரண்டு பேருக்கும் வேலையாகப் போயிற்று. வாசிக்கத் தெரியாத ஆள்தான் உனக்கு வேண்டும் என்றாய். என் வாழ்நாளில் அதை ஒரு தகுதியாகச் சொன்ன ஆள் நீ மட்டும்தான். கட்டடத்தில் கேட்கிறவர்களுக்கு மருமகள் பொத்தான் செய்கிற கொம்பனியில் என்று சொன்னேன். றெஜினா கன நாளாகச் சேட்டுப் பொத்தான் என்று நினைத்திருக்கிறா.

அப்போது ஒரு நாள் என் வலது பெருவிரலைப் பிடித்து ஒன்றின் மேல் வைத்தாய். "இதுக்குக் கிட்ட இருக்கிறதுதான் 'ஓம்', மாமா. வலப்பக்கம், நிறம் நிரப்பினது. எங்க போனாலும் அப்பிடித்தான்" என்றாய். நான் அதை வைத்துத்தான் சீவிக்கிறேன். கீழே உடுப்புத் தோய்க்கிற மெசினும் இப்போது போனில்தான் ஓடுகிறது. வலப்பக்கம், நிரப்பினது. டொக்டரிடம் நாள் எடுக்கவும் அப்படித்தான். ஒரு நாளும் பிழை வந்ததில்லை.

உன் அழைப்பு வந்தது. மேலே பிள்ளையார். கீழே இரண்டு பொத்தான். இரண்டும் ஒரே நிறம், கூறைச் சேலை நிறம். பக்கத்தில் பக்கத்தில் இல்லை, ஒன்றின் மேல் ஒன்று. வலமும் இல்லை, இடமும் இல்லை. றெஜினாவிடம் காட்டி வாசிப்பித்திருக்கலாம். ஆனால் உன் கலியாணக் கதை இந்தக் கட்டடத்தில் ஒருவருக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை. (இப்போது தெரிந்துபோயிற்று. "எனக்கு அப்பவே தெரியும், அண்ணை" என்கிறா.)

போனை வலக்கையில் பிடித்தேன். பெருவிரலுக்குக் கிட்ட இருந்தது கீழே உள்ளது. அதை அமத்தினேன். பச்சையில் ஒரு சரி அடையாளம் வந்தது. அடியில் கறுப்புப் பட்டியில் ஏதோ எழுத்து வந்து, பார்க்கிறதுக்குள் போய்விட்டது. சரி போட்டால் சரி என்பது பள்ளிக்கூடம் போகாத எனக்கும் தெரியும்.

பிறகு அலுமாரியைத் திறந்து றிச்சர்ட்டின் அந்தச் சேட்டை எடுத்தேன். அயன் பண்ணினேன். பெட்டி அடுக்கினேன். உன் கலியாணத்தன்று காலமையும் பெட்டி கதவடியில்தான் நின்றது.

குரலையும் நீ காட்டித் தந்தபடிதான் அனுப்பினேன். மைக் படத்தை அமத்திப் பிடித்துக்கொண்டு பேச வேண்டும், விட்டால் போகும். பிடித்தேன், பேசினேன், விட்டேன். சில நாள் உன் பெயருக்குக் கீழே மூன்று புள்ளி ஓடும். நீ எழுதுகிறாய் என்று அர்த்தம். தேத்தண்ணியை வைத்துவிட்டு அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். புள்ளி நின்றுவிடும். ஒன்றும் வராது. விரலால் கீழே இழுப்பேன். வட்டம் ஒன்று சுற்றும், நிற்கும். முன்னம் இருந்ததுதான் இருக்கும்.

வர மாட்டேன் என்று நான் சொல்லவில்லை. அதை ஆர் சொன்னார்கள் என்று நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

செல்வரட்ணம்

*

பேர்ணபி
17 டிசம்பர் 2023

மாமா,

கடிதம் வந்த அன்றே கூப்பிட்டேன். அடுத்த நாளும் கூப்பிட்டேன். நீங்கள் எடுக்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

உங்களிடம் இருப்பது மாதிரி ஒரு பழைய போனை ஒருவரிடம் வாங்கினேன். அதன் எழுத்தைப் பெரிதாக்கினேன். உங்கள் போனில் இலக்கம் தெரிய வேண்டும் என்று றிச்சர்ட் அப்படித்தான் வைத்துத் தந்தவர். மொழியைத் தமிழுக்கு மாற்றினேன். யாராவது வாசித்துச் சொல்ல வசதி என்று உங்கள் போனைத் தமிழுக்கு மாற்றியது நான். பிறகு என் கலியாண அழைப்பைத் திறந்தேன்.

மாமா, நாங்கள் போனில் ஓடுகிற முழு அப் செய்வதில்லை. அப் செய்கிறவர்கள் எடுத்துப் பொருத்திப் பூட்டுகிற பாகங்களைச் செய்கிறோம். பொத்தான், திகதி எடுக்கிற பெட்டி, சுற்றுகிற வட்டம், வந்து மறைகிற கறுப்புப் பட்டி, மூன்று புள்ளி, பேசி அனுப்புகிற மைக். ஆயிரம் இடத்தில் போய்ப் பூட்டினாலும் பாகம் ஒன்றுதான். அந்தப் பொத்தான் பாகத்தில் ஒரு குணம் இருக்கிறது. எழுத்து நீளமாகி இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கொள்ளாவிட்டால், தானாக ஒன்றின் மேல் ஒன்றாக ஏறிவிடும். ஓம் என்பது மேலே போகும். இல்லை என்பது கீழே வரும். ஆங்கிலத்தில் சின்னச் சொல், ஏறாது. தமிழில் நான் எழுதியது 'கட்டாயம் வருகிறேன்' என்றும் 'வர முடியாமல் இருக்கிறது' என்றும். மரியாதையாக இருக்கட்டும் என்று நீட்டி எழுதினேன். மற்ற எல்லாருடைய போனிலும் பக்கத்தில் பக்கத்தில்தான் இருந்தது. உங்களுடையதில் மட்டும் ஏறிவிட்டது. கூறை நிறத்தை இரண்டுக்கும் பூசியதும் நான்தான். வடிவாக இருக்கும் என்று. சரி அடையாளமும் எந்த மறுமொழிக்கும் வரும். மறுமொழி கிடைத்தது என்றுதான் அதற்கு அர்த்தம்.

குரலையும் பார்த்தேன். மைக்கைப் பிடித்துப் பேசும்போது விரல் இடப்பக்கம் நழுவினால் பேசியது அழிந்துவிடும். போன வருசம் சேர்த்த குணம் அது. எவ்வளவு நழுவினால் அழிய வேண்டும் என்று முடிவு செய்த மூன்று பேரில் நானும் ஒருத்தி. அலுவலகத்துப் பிள்ளைகளின் விரலை வைத்துப் பார்த்தோம். உங்கள் பெருவிரல் இடப்பக்கம் நடுங்கி விலகும் என்பது எனக்குத் தெரியும். தேத்தண்ணிக் கோப்பையை உங்களிடம் தரும்போது காதுப் பக்கத்தைத் திருப்பித் தருகிற ஆள் நான். மேசையில் நீங்கள் எதிரில் இருக்கவில்லை, அதனால் நினைக்கவில்லை.

மூன்று புள்ளி உண்மை. எழுதினேன், அழித்தேன்.

இனிப் பொத்தானில் சொல்லுக்குப் பக்கத்தில் ஒரு படமும் வைப்போம் என்று அலுவலகத்தில் சொல்லியிருக்கிறேன். வருகிறேன் என்பதற்குக் கைகூப்புகிற படம் வைக்கலாமா என்று யோசிக்கிறேன்.

இரண்டு கேள்வி இருக்கிறது. பொத்தான் சரியான இடத்தில் இருந்திருந்தால், உண்மையாகவே ஓம் என்று அழுத்தியிருப்பீர்களா? எனக்காகச் சொல்ல வேண்டாம். மற்றது, அந்தப் பின்னேரங்களில் என்னதான் பேசினீர்கள்?

ஜெனோசன் ஒன்று எழுதச் சொன்னார். "மாமா கூப்பிட்டா 'ஆர் பேசுறது' எண்டு நான் கேக்கமாட்டன், சொல்லிவிடு."

துவாரகா

*

டோர்செட் பார்க்
7 ஜனவரி 2024

பிள்ளை,

நீ கூப்பிட்டது தெரியும். உன் படம் வெளிச்சமாகி வந்தது. மேசையில் வைத்து அது நிற்கும் வரைக்கும் பார்த்தேன். எடுத்தால் "சாப்பிட்டீங்களா, மாமா?" என்று கேட்பாய். ஓம் என்பேன். "குளிரா?" என்பாய். ஓம் என்பேன். அதோடு வைத்துவிடுவோம். நாங்கள் இரண்டு பேரும் போனில் அவ்வளவுக்குத்தான். இப்படி றெஜினாவை இருத்திவைத்துச் சொன்னால் கொஞ்சம் கூட வருகிறது. இடையில் அவ, "அண்ணை, கொஞ்சம் நில்லுங்கோ, கை உளையுது" என்பா. அந்த நேரத்தில் அடுத்ததை யோசிக்கலாம்.

கைகூப்புகிற படம் வைக்காதே. வருகிற ஆளும் கும்பிடுவான், வர மாட்டேன் என்று நழுவுகிற ஆள் அதைவிட நல்லாகக் கும்பிடுவான்.

நீ கேட்டதற்கு வருகிறேன். உன் அழைப்பு என் போனில் ஒரு கிழமைக்கு மேல் கிடந்தது. முதல் நாள் என்னைப் பிடித்துக் கேட்டிருந்தால் இல்லை என்றுதான் சொல்லியிருப்பேன். உன் பொத்தான் பிழை விடாமலே உனக்கு அதே மறுமொழி கிடைத்திருக்கும். கோபம் இல்லை. நீ போனால் நான் ஆருக்கு மாமா என்று விளங்கவில்லை. பிள்ளை குட்டி இருந்தால் அதுவாவது என்னை ஒரு பெயர் சொல்லிக் கூப்பிடும். அதுவும் இல்லை.

சேட்டைப் பற்றி நான் சொன்னதை நீ உனக்குச் சொன்னதாக எடுத்துவிட்டாய். அது என் யோசனை வாயால் வந்தது. அந்த நத்தாருக்கு நீ வரும் வரைக்கும் நான் அலுமாரிக்கு முன்னால்தான் நின்றேன். அந்தச் சேட்டை என்ன செய்வது என்று தெரியாமல் இருந்தது. மாதா கோயிலுக்குக் கொடுக்க மனம் இல்லை. அப்படியே வைத்திருக்கவும் ஏலாது. நீ வந்து மேசையில் இருந்து அந்தத் தம்பியின் பெயரைச் சொன்னாய். எனக்கு வாயில் வந்தது சேட்டு.

அழைப்பு வந்த பிறகு ஒரு காலமை அதைப் போட்டுப் பார்த்தேன். தோள் சரி. கை மட்டும் நீளம், மடித்துவிடலாம். கண்ணாடிக்கு முன்னால் நின்றபோது நினைத்தேன், இதைப் போட்டுக்கொண்டு போனால் உன் கலியாணத்துக்கு எங்கள் வீட்டால் இரண்டு பேர் வந்த மாதிரி. அதோடு போய்ப் போனை எடுத்து அமத்தினேன். ஓம் என்றுதான் அமத்தினேன். போதுமா?

பின்னேரங்களில் என்ன பேசினேன் என்று கேட்டிருக்கிறாய். நினைவிருக்கிறது, எல்லாம் நினைவிருக்கிறது. பெரிய கதை ஒன்றும் இல்லை. லிஃப்ற் பழுதாகி ஏழு மாடியும் ஏறினேன் என்று ஒரு நாள். நீ அரைத்து வைத்துவிட்டுப் போன மிளகாய்த்தூள் முடிந்துவிட்டது, போத்தலைக் கழுவி வைத்திருக்கிறேன் என்று ஒரு நாள். எதிர்வீட்டு ஆட்கள் மாறிப் போனார்கள், புது ஆட்கள் கதவைச் சாத்தும்போது எங்கள் வீட்டுச் சட்டி அசைகிறது என்று ஒரு நாள். கோயிலில் றெஜினா பாடும்போது மற்றவர்கள் பாடுவதை நிற்பாட்டிவிடுகிறார்கள் என்று சொன்னேன். (அதை எழுத மாட்டேன் என்றா. எழுதச் சொன்னேன்.)

ஒரு நாள் மட்டும் றிச்சர்ட்டைப் பற்றி ஒன்று சொன்னேன். ஆஸ்பத்திரியில் நீ கோப்பி வாங்கக் கீழே போன நேரம் அவன் என்னிடம் சொன்னது. அதை இங்கே சொல்ல மாட்டேன். றெஜினா இருக்கிறா என்பதற்காக இல்லை. அது ஒரு தரம்தான் வாய்க்கு வந்தது. உனக்குச் சொல்லிவிட்டேன் என்று நினைத்து அன்று நிம்மதியாகச் சாப்பிட்டேன். அது உன்னிடம் வரவே இல்லை என்று இப்போது எழுதுகிறாய். சரி, என்ன செய்வது.

படத்தைப் பற்றியும் யோசிக்காதே. எனக்காக ஒரு கொம்பனியை மாற்றாதே. என் மாதிரி ஆட்கள் இனிக் கன பேர் இல்லை.

செல்வரட்ணம்

*

பேர்ணபி
4 பெப்ரவரி 2024

மாமா,

கடிதத்தை ஜெனோசனுக்கு வாசித்துக் காட்டினேன். ஆஸ்பத்திரிப் பகுதியை வாசிக்கவில்லை. அதை நான் மட்டும் வைத்திருக்கிறேன். என்றைக்காவது வாய்க்கு வந்தால் நேரில் சொல்லுங்கள். வராவிட்டாலும் பரவாயில்லை.

உங்களுக்கு முதலில் சொல்ல வேண்டும் என்று இருந்தேன். எனக்குப் பிள்ளை கிடைக்கப் போகிறது. ஆனி மாதம். என் அப்பா இல்லை என்பது உங்களுக்குத் தெரியும். ஜெனோசனின் அப்பா ஊரில் யுத்தத்துக்குள் காணாமல் போனவர், படம்கூட இல்லை. பிள்ளையைத் தூக்க அப்பப்பா என்று ஒருவரும் இல்லை. நாங்கள் இரண்டு பேரும் இருந்து யோசித்தோம். நீங்கள் அப்பப்பாவாக இருப்பீர்களா? இப்படிக் கேட்கலாமா என்று எனக்குத் தெரியாது. எங்கள் ஆட்களில் யாரும் இப்படிக் கேட்டு நான் கேள்விப்படவில்லை. 'வேறு ஒருவனின் பிள்ளைக்கு நான் எப்படி?' என்று நீங்கள் சொன்னால் எனக்கு விளங்கும். சேட்டைப் பற்றி எழுதியிராவிட்டால் நான் கேட்டிருக்கவும் மாட்டேன்.

பிள்ளை கிடைத்த முப்பத்தோராம் நாள் சடங்குக்கு வர வேண்டும். கன நாள் நிற்க வேண்டும் என்று கேட்கவில்லை. உங்கள் வீடு, கோயில், கல்லறை எல்லாம் அங்கேதான் என்று தெரியும்.

கடிதத்தில் மறுமொழி எழுதினாலும், போனுக்கும் ஒரு அழைப்பு அனுப்பியிருக்கிறேன். பாருங்கள். படம் வைக்கவில்லை. இரண்டும் வேறு வேறு நிறம். பெருவிரலை வைத்தால் பொத்தான் வாய் திறந்து சொல்லும், அது எந்த மறுமொழி என்று. பிழை விட்டால் மற்றதில் வைக்கலாம், எத்தனை தரமும் மாற்றலாம். கடைசியாக வைத்ததுதான் கணக்கு. இது இன்னும் கொம்பனியில் ஒருவரும் ஏற்றுக்கொள்ளாத பாகம். இப்போதைக்கு உலகத்தில் உங்கள் போனில் மட்டும்தான் இருக்கிறது.

துவாரகா

*

டோர்செட் பார்க்
25 பெப்ரவரி 2024

மருமகளுக்கு,

மேலே போட்டதைப் பார். றெஜினா கேட்கவில்லை, நானே சொன்னேன்.

உன் கடிதத்தை வாசித்ததும் றெஜினா எழும்பிப் போய்க் கேத்தலை வைத்தா. எங்கள் வீட்டுக் கேத்தல் எங்கே இருக்கிறது என்று இப்போது அவவுக்கும் தெரியும். நீ இப்போது பாரம் ஒன்றும் தூக்காதே. அந்தத் தம்பியைத் தூக்கச் சொல்லு. நான் சொன்னதாகச் சொல்லு.

நீ கேட்டதைக் கன நாள் யோசித்தேன். அதனால்தான் மறுமொழி பிந்திப் போயிற்று. பிள்ளையைத் தூக்குவேன். குளிப்பாட்டினால் பக்கத்தில் நிற்பேன், கை நடுங்குகிறபடியால் வாளியைத் தர வேண்டாம். ஆனால் அப்பப்பா என்று கூப்பிடப் பழக்காதே. நீங்கள் இரண்டு பேரும் நல்ல மனதோடுதான் கேட்டிருக்கிறீர்கள், அது எனக்கு விளங்கும். அந்தச் சொல்லை நான் றிச்சர்ட்டின் பிள்ளைக்கு என்று எடுத்து வைத்தேன். பிள்ளை வரவில்லை, சொல் கிடக்கிறது. அது அப்படியே கிடக்கட்டும். வேறு ஆளுக்குக் கொடுத்தால் றிச்சர்ட்டின் பக்கம் வெறுமையாகப் போய்விடும். உன் பிள்ளை நீ கூப்பிடுகிறபடி மாமா என்றே கூப்பிடட்டும். கேட்கிறவர்கள் முறை பிழை என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். எங்கள் வீட்டில் எந்த முறைதான் சரியாக நடந்தது.

இனிப் போன் கதை. நீ அனுப்பியதைத் தனியத் திறந்தேன். றெஜினாவைக் கூப்பிடவில்லை. மேலே பச்சை, கீழே மண் நிறம். பச்சையில் பெருவிரலை வைத்தேன். "மாமா, வாறன் எண்டு சொல்லுறியள்" என்றாய். பொத்தானுக்குள் வேறு ஆரோ பேசுவார்கள் என்றுதான் இருந்தேன். நீயே பேசுவாய் என்று நினைக்கவில்லை. போனைக் கீழே வைத்துவிட்டேன்.

பிறகு எடுத்துத் திரும்ப வைத்தேன். திரும்பவும் சொன்னாய். மற்றது என்ன சொல்கிறது என்று பார்க்க அதையும் வைத்தேன். "மாமா, வரேல்லை எண்டு சொல்லுறியள்." அதில் உன் குரல் கொஞ்சம் இறங்கியிருக்கிறது. பின்னால் ஒரு கோப்பைச் சத்தமும் கேட்கிறது. குசினியில் நின்று பேசினாயா?

நீ போன பிறகு இந்த வீட்டுக்குள் ஒருவரும் என்னை மாமா என்று கூப்பிட்டதில்லை. றெஜினாவுக்கு நான் அண்ணை. கோயிலில் அங்கிள். டொக்டரிடம் வேறு ஏதோ, என் பெயரை அவர்களால் சொல்ல ஏலாது. அன்று பின்னேரம் வெளியில் பனி. எதிர்வீட்டிலும் ஒருவரும் இல்லை. மேலே வைத்தேன், கூப்பிட்டாய். கீழே வைத்தேன், கூப்பிட்டாய். தேத்தண்ணி ஆறிப் போகும் வரைக்கும் இரண்டையும் மாறி மாறி வைத்துக்கொண்டிருந்தேன். எனக்கு எது என்ன மறுமொழி என்பது பிறகு நினைவிலேயே இல்லை.

கடைசியாக வைத்ததுதான் கணக்கு என்று எழுதியிருக்கிறாய். அதுதான் பிரச்சினை. கடைசியாக என் விரல் எதில் நின்றது என்று தெரியவில்லை. நான் ஒன்றையும் மறக்கிற ஆள் இல்லை, உனக்குத் தெரியும். இதை மறந்துவிட்டேன். திரும்பத் திறந்து பார்க்கலாம் என்றால், திறந்தால் நான் சும்மா இருக்க மாட்டேன்.

அங்கே உனக்கு என்ன வந்திருக்கிறதோ தெரியாது. எது வந்திருந்தாலும் ரிக்கற்றைப் போடு. சேட்டு அயன் பண்ணிக் கிடக்கிறது.

மாமா
செல்வரட்ணம்